லாக்கர் எண் 27

மடிப்பக்கா வந்திருப்பதாக வரவேற்பு மேசையிலிருந்து போன் வந்ததும் நோட்டம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள். ஐந்து மாதமாக எதற்குப் பயந்துகொண்டிருந்தாளோ அது இதோ படியேறி வருகிறது என்று நினைத்தாள். மேசையில் கிடந்த காகிதங்களை எடுத்து அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள். வேறு என்ன செய்யத் தெரியும் அவளுக்கு? அடுக்குவதுதானே பிழைப்பு.

நோட்டம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆய்வு மையத்திலிருந்து ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போய், அங்கே வேலை பார்க்கும் பெண்களோடு ஏழு மாதம் நின்று, அவர்கள் துணி பிரிப்பதையும் துவைப்பதையும் மடிப்பதையும் எழுதியெழுதிச் சேர்த்தவள். "நாம தும்மினாக்கூட எத்தனை தடவைன்னு எழுதிக்கிறாங்கப்பா" என்று ஒருத்தி சொல்லப்போக, மறுநாளே நோட்டம்மா ஆகிவிட்டாள். வீட்டிலும் அதே புத்திதான். "என் சம்சாரத்துக்கிட்ட கல்யாண ஆல்பம் எங்கேன்னு கேட்டா, எத்தனாவது ஃபைல்னு திருப்பிக் கேப்பா" என்று அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மடிப்பக்கா என்பதும் கூடத்தில் வந்த பெயர்தான். இருபது வருடமாக மடிப்பு மேசை. அங்கே ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இந்த முனையை ஒருத்தியும் அந்த முனையை ஒருத்தியும் பிடித்து, உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். மடிப்பக்காவுக்கு அந்த முனையில் நின்றவள் அவளுடைய நாத்தனார், புருஷனின் கூடப்பிறந்த தங்கை. இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு ஷிப்டில் நானூறு விரிப்பு. ஒரு நாளைக்கு நானூறு தடவை எதிரெதிரே நடந்து வந்து விரல் தொட்டுப் பிரிகிற அண்ணியும் நாத்தனாரும் உலகத்தில் வேறெங்காவது இருப்பார்களா என்று நோட்டம்மா அந்நாளில் நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த மடிப்பக்கா உட்காரவில்லை. இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

"வாங்கக்கா. உட்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"டீயெல்லாம் வேணாம் நோட்டம்மா. ஒரு உதவிக்கு வந்தேன்." பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். நாலாக, மூலை பிசகாமல் மடித்திருந்தது. "இது நீங்க குடுத்த ஒப்புதல் படிவம்தானே? நேத்துதான் முழுசாப் படிச்சேன். எப்ப வேணா வந்து, நான் சொன்னதை அழிச்சிடுங்கன்னு கேக்கலாம்னு போட்டிருக்கு."

"ஆமாக்கா. கேக்கலாம்."

"அழிச்சிடுங்க. எல்லாத்தையும். அந்த டப்பா விஷயம் என் வாயிலேருந்து வந்ததுன்னு எங்கயும் இருக்கக் கூடாது." அதோடு விட்டிருக்கலாம். நல்ல மனசுக்காரி, விடவில்லை. "உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. பேரு போட மாட்டேன்னீங்க, போடல. வயசை மாத்திட்டீங்க. எத்தனை பிள்ளைங்கறதைக்கூட மாத்திட்டீங்க. எங்க வீட்டு ஆளே குழி தோண்டினா நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

பாவம் என்ற சொல்லில் நோட்டம்மாவுக்கு உடம்பு கூசியது. திட்டியிருந்தால் தேவலை.

டப்பா விஷயம் இதுதான். வார்டில் ஊசி போடுகிறவர்கள் அவசரத்தில் ஊசியைப் படுக்கையிலேயே விட்டுவிடுவார்கள். அது விரிப்போடு சுருண்டு சலவைக்கூடத்துக்கு வரும். அழுக்குத் துணி பிரிக்கிறவள் கையில் ஏறும். புகார் எழுதப் படிவம் கேட்டால் சூப்பர்வைசர், "வேலை செய்ய வந்தீங்களா, எழுத வந்தீங்களா?" என்பார். மடிப்பக்கா அந்த ஊசிகளை, நான் பத்திரமாப் போட்டுடறேன் என்று சொல்லி வாங்கி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் சேர்த்துத் தன் லாக்கரில் வைத்திருந்தாள். மூன்று வருடத்தில் முந்நூற்றுப் பதினொன்று. என்றைக்காவது யாராவது நம்பாமல் கேட்டால் மேசைமேல் கொட்டிக் காட்டலாம் என்று ஒரு எண்ணம். டப்பா இருப்பது நாத்தனார் ஒருத்திக்குத்தான் தெரியும். பிறகு, பேர் வராது என்ற வாக்குறுதியின் பேரில், நோட்டம்மாவுக்குச் சொன்னாள்.

எட்டு மாதம் முன்பு அறிக்கை வெளியானது. டப்பா லாக்கரில் இருக்கிறது என்பது உட்பட, மடிப்பக்கா சொன்னது சொன்னபடியே அதில் இருந்தது. பெயருக்குப் பதிலாக ப-27 என்று மட்டும். பங்கேற்பாளர் என்பதற்கு 'ப'. மூன்றாவது வாரம் சூப்பர்வைசர் இரண்டு ஆட்களோடு லாக்கர் அறைக்குள் வந்தார். அறுபது லாக்கர் இருக்கிற அறையில் நேராக ஒன்றின் முன்னால் போய் நின்று, திற என்றார். டப்பா போயிற்று. மடிப்பக்காவை அழுக்குத் துணிப் பக்கம் தூக்கிப் போட்டார்கள். யார் சொல்லியிருப்பார்? தெரிந்தவள் ஒருத்திதானே. கூடமே ஒரு முடிவுக்கு வந்தது. "சத்தியமா நான் இல்ல அண்ணி" என்று நாத்தனார் அழுதிருக்கிறாள். மடிப்பக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாத்தனார் வேலையை விட்டுப் போனாள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது.

இதெல்லாம் நோட்டம்மாவுக்குத் தெரிந்தது, ஐந்து மாதம் முன்பு, அறிக்கையின் பிரதிகளைக் கொடுக்கப் போன அன்று. "நாத்தனாரே காட்டிக் கொடுத்துட்டா" என்றார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து உச்சுக் கொட்டினாள். மையத்துக்குத் திரும்பிப் பழைய கள நோட்டை எதற்கோ புரட்டியபோதுதான் மண்டையில் உறைத்தது.

முதல் வாரத்தில் அவளுக்கு அங்கே யார் பேரும் தெரியாது. லாக்கர் அறையில் நின்றுகொண்டு, யார் எந்த லாக்கரைத் திறக்கிறார்களோ அந்த எண்ணையே அடையாளத்துக்குக் குறித்துக்கொண்டாள். எட்டு, பதினைந்து, இருபத்தேழு. மையத்துக்கு வந்ததும் குலுக்கிப் போட்டுப் புது எண் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. கொடுக்கலாம் கொடுக்கலாம் என்று, படிவத்துக்கும் அதே எண், ஒலிப்பதிவுக்கும் அதே எண், தட்டச்சுக்கும் அதே எண் என்று போய், முன்னால் ஒரு 'ப' ஒட்டிக்கொண்டு அறிக்கையிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. எண்ணைப் பார்த்தால் ஆள் வாடை அடிக்கக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவளே இவள்தான். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கிறது?

இயக்குநரிடம் ஓடினாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த அறிக்கையாலதான் அத்தனை பேருக்கும் கெட்டிக் கையுறை வந்திருக்கு. இப்ப இதைக் கிளப்பினா அறிக்கையே குளறுபடிம்பாங்க. அடுத்த ஆஸ்பத்திரில நம்மளை வாசல்ல நிக்க விட மாட்டாங்க. காப்பகத்துல நம்பரை மாத்தி ஒழுங்குபடுத்திடுங்கம்மா."

ஒழுங்குபடுத்தினாள். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லா எண்ணையும் குலுக்கி மாற்றினாள். ப-27 என்பது ப-04 ஆயிற்று. தொகுப்பு கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது, மற்றவர்களும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பாராட்டு வேறு வந்தது. அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்றுவரை வெட்கம்.

"சரிக்கா, எடுத்துடறேன். நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்" என்று கணினியைத் திறந்தாள். திரையில் மடிப்பக்காவின் பதிவு வந்தது. மூன்று நேர்காணல், ஒரு படிவம், தட்டச்சு நாற்பது பக்கம்.

மடிப்பக்கா படிவத்தைப் பிரித்து மேசைமேல் வைத்துக் கையால் நீவினாள். மேல் மூலையில் நோட்டம்மாவின் கையெழுத்து, பச்சை மையில்.

"இதுல இருபத்தேழுன்னு போட்டிருக்கீங்க. உங்க பெட்டில நாலுன்னு காட்டுதே?"

"அது பழைய நம்பர்க்கா. பின்னாடி மாத்திட்டோம்."

"ஓ." மடிப்பக்கா சிரித்தாள். "நேத்தே பாத்தேன். என் லாக்கர் நம்பரும் அதேதான். ராசியில்லாத நம்பர் போல."

அவ்வளவுதான். அவளுக்குத் துளிச் சந்தேகம் இல்லை. ஆமாக்கா, ராசியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. பதிவும் போகும், பச்சை மைப் படிவமும் போகும். பழைய நோட்டு ஒன்றுதான் பாக்கி, அது இவள் அலமாரியில் இருக்கிறது. இவள் கைக்கு வெளியே இருந்த ஒரே சாட்சி தானே நடந்து வந்து, தன்னை அழித்துவிடு என்று கையில் கொடுக்கிறது. இப்படி ஒரு சந்தர்ப்பம் யாருக்கு வாய்க்கும்? நோட்டம்மாவின் கை மவுஸின்மேல் இருந்தது. அதன் பக்கத்தில் பிளாஸ்திரி சுற்றிய விரல் காகிதத்தை நீவிக்கொண்டே இருந்தது.

"விரல்ல என்னக்கா?"

"ஊசிதான். கையுறைக்குள்ள வேர்த்துக் கொட்டுதேன்னு ஒரு நிமிஷம் கழட்டினேன். ரத்தம் எடுத்திருக்காங்க. ஒண்ணும் இருக்காது, விடுங்க."

நோட்டம்மா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அக்கா, உங்க நாத்தனார் சொல்லல. நான்தான்."

"என்னது நீங்க?"

"இருபத்தேழு ராசி இல்லக்கா. உங்க லாக்கர் நம்பரைத்தான் நான் உங்களுக்குப் போட்டேன். எனக்கு ஞாபகம் வச்சுக்க சுலபமா இருக்கும்னு. மாத்தணும், மாத்தாம அப்படியே அறிக்கைல விட்டுட்டேன். அவங்க அதைப் படிச்சிட்டுத்தான் நேரா உங்க லாக்கருக்கு வந்திருக்காங்க."

மடிப்பக்காவுக்கு முதலில் பிடிபடவில்லை. படிவத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி படிவத்தைப் பார்த்தாள். அப்புறம், வந்ததிலிருந்து உட்காராமல் விட்ட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப அவ சொல்லல."

"சொல்லலக்கா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இதற்கு இன்னும் பொய் சொல்ல இடம் இருந்தது. போன வாரம் என்றால் போன வாரம்தான், யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? "அஞ்சு மாசமாத் தெரியும்" என்றாள் நோட்டம்மா.

மடிப்பக்கா விரல் மடக்கி எண்ணினாள். ஊசி எண்ணிய அதே விரல்கள். மூன்றாவது விரலில் நின்றுவிட்டாள்.

"மூணு மாசம் முன்னாடி அவளுக்கு ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுத்தாங்க. எங்க ஆஸ்பத்திரிலதான், மூணாவது மாடி. நான் கீழ, அடித்தளத்துல. ஆறு நாள் இருந்தா. லிஃப்ட்ல ஏறினா ஒரு நிமிஷம்." குரல் உயரவே இல்லை. "நான் போகல. அவ அண்ணனையும் போக விடல. போனா நீங்க அங்கயே இருந்துக்கங்கன்னு சொன்னேன்."

மன்னிச்சிடுங்க என்ற வார்த்தை நோட்டம்மாவின் வாய்வரை வந்து நின்றுவிட்டது. ஐந்து மாதம் முன்னால் சொல்லியிருந்தால் இவள் அந்த லிஃப்டில் ஏறியிருப்பாள். இப்போது மன்னிப்பைக் கேட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது?

மடிப்பக்கா படிவத்தைப் பழைய மடிப்பிலேயே நாலாக மடித்தாள். பிறகு, "அழிக்க வேணாம்" என்றாள். "பேச்சைப் பிடிப்பீங்களே, அந்த மெஷின் இருக்கா?"

"இருக்கு."

"எடுங்க. நான் போய்ச் சொன்னா அவ நம்ப மாட்டா. அவ சொன்னப்ப நான் நம்பினேனா? உங்க வாயாலயே வேணும். ஆதாரமா."

நோட்டம்மா ரெகார்டரை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். ஏழு மாதம் எத்தனையோ பேர் முன்னால் வைத்த அதே கருவி. சிவப்பு விளக்கு எரிந்ததும் அவளுக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. அதன் முன்னால் உட்கார்ந்தால் இப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளும் யாரையும் கேட்டதில்லை.

"சும்மா சொல்லுங்க. பயப்படாதீங்க. உங்க வார்த்தையிலயே சொல்லுங்க" என்றாள் மடிப்பக்கா. எல்லாம் நோட்டம்மாவிடம் கேட்டுப் பழகிய வசனம். "முதல்ல தேதி சொல்லணும், இல்ல? அப்புறம் யாரு பேசறதுன்னு. உங்களுக்கு நம்பர் போடணுமா?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். நோட்டம்மா தேதியைச் சொன்னாள். பிறகு பெற்றவர்கள் வைத்த பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, முழுசாகச் சொன்னாள். பதினொரு நிமிடம் பேசினாள். லாக்கர் அறையில் தொடங்கி, காப்பகத்தில் எண்ணை மாற்றியதுவரை ஒன்றையும் பூசி மெழுகவில்லை. இதன் பிரதி இயக்குநருக்கும் போகும், தொகுப்பிலும் சேரும் என்று கடைசியில் தானே சேர்த்துக்கொண்டாள். வேலை போனாலும் போகும். அது அப்போது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

இருவரும் பஸ் பிடித்து நாத்தனார் வீட்டுக்குப் போனபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கீழ்வீட்டுக்காரர், மாடியில துணி எடுக்கறாங்க, போங்க என்றார். மொட்டைமாடிக் கதவுக்கு வந்ததும் மடிப்பக்கா, "நீங்க முன்னாடி போங்க" என்றாள்.

நாத்தனார் கொடியிலிருந்து துணிகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். நோட்டம்மாவைப் பார்த்து, வாங்க என்று ஆரம்பித்தவள், பின்னால் நிற்பவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அஞ்சு நிமிஷம்… பதினொரு நிமிஷம் இதைக் கேட்டுடுங்க" என்று நோட்டம்மா ரெகார்டரைத் தண்ணீர்த் தொட்டியின் திட்டின்மேல் வைத்தாள். "அதுக்கப்புறம் என்ன திட்டறதா இருந்தாலும் திட்டுங்க."

நாத்தனார் நின்றபடி கேட்டாள். கேட்டுக்கொண்டே தலையணை உறைகளை ஒவ்வொன்றாக மடித்துத் திட்டின்மேல் அடுக்கினாள். நோட்டம்மாவின் குரல், மொட்டைமாடிக் காற்றில், சின்னதாக ஒலித்தது. என் சௌகரியத்துக்காக என்று அது மூன்று இடத்தில் சொன்னது. பேசும்போது அவளுக்கே அது தெரியவில்லை, இப்போது ஒவ்வொன்றும் கேட்டது. அஞ்சு மாசமாத் தெரியும் என்ற இடத்தில் நாத்தனாரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் மடித்தது.

பதிவு முடிந்தது. நாத்தனார் நோட்டம்மாவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்னைத் தெரியாது. ஏழு மாசப் பழக்கம். தப்புப் பண்ணீங்க, பயந்தீங்க, மறைச்சீங்க, இப்ப வந்து நிக்கறீங்க. சரி."

சரி என்பதோடு அவளை விட்டுவிட்டாள். அவ்வளவு சுலபமாக விட்டது நோட்டம்மாவுக்கு அடியைவிட வலித்தது. நாத்தனார் திரும்பி மடிப்பக்காவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்னைத் தெரியும்ல அண்ணி."

மடிப்பக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தப்ப, விரிப்பு மாத்த வர்றப்பல்லாம் மூலையைத்தான் பாப்பேன். யாரோ புது ஆளு மடிச்சது, கோணக்கோணையா இருக்கும். அண்ணியை இன்னும் அழுக்குப் பக்கமே வச்சிருக்காங்க, கையில ஏதாவது குத்திடாம இருக்கணுமேன்னு நினைச்சுப்பேன். ஆறு நாளும் அதான் நினைச்சேன்."

மடிப்பக்கா பிளாஸ்திரி போட்ட விரலைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். நோட்டம்மா அதைப் பார்த்தாள். இதற்கெல்லாம் எந்தத் தொகுப்பில் இடம் இருக்கிறது, இதை எந்த எண்ணில் போடுவாள்? ஒரு குலுக்கல், ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாத சோம்பலும், அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டிருந்த கோழைத்தனமும் இந்த இரண்டு பெண்களையும் இந்த மாடியில் இப்படி நிற்க வைத்திருக்கின்றன. அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அவர்கள் தன்னைத் தேற்ற வேண்டிவரும் என்று அடக்கிக்கொண்டாள்.

கொடியில் கடைசியாக ஒரு பெரிய விரிப்பு இருந்தது. நாத்தனார் அதை உருவினாள். ஒரு முனை தரையை நோக்கி நழுவியது. மடிப்பக்காவின் கை, இருபது வருடப் பழக்கம், தன்னால் முன்னே போய் அந்த முனையைப் பிடித்தது.

"விடுங்க அண்ணி. தனியா மடிச்சுப் பழகிட்டேன்."

மடிப்பக்கா விட்டாள். நாத்தனார் ஒரு முனையைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, கைகளை விரித்து, மற்ற முனைகளைத் தேடிப் பிடித்தாள். "அண்ணனை வரச் சொல்லுங்க" என்றாள், தாடையை அசைக்காமல். "நீங்க எப்ப வரலாம்னு நான் சொல்றேன்."

மூலையோடு மூலை சேரவில்லை. பிரித்து, உதறி, மறுபடியும் தாடையில் இடுக்கி மடித்தாள். மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது தடவையும் கோணலாகத்தான் வந்தது.